ஊர்த்தெருவைத் தாண்டி ஒரு பள்ளிக்கூடம்

திங்கட்கிழமை பள்ளிக்கூடங்கள் திறக்கின்றன. கடைத்தெருவில் பை, செருப்பு, தண்ணீர் பாட்டில் வியாபாரம் களைகட்டியிருக்கிறது. பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்காட்டு ஊர்களில் நம் தெருக்களுக்குப் போனால் இந்த வாரம் இன்னொரு வேலையும் நடப்பதைப் பார்க்கலாம். விடுமுறை முழுக்க அம்மாவோடு உட்கார்ந்து கொட்டை உடைத்த பிள்ளைகள் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். முந்திரித் தோட்டிலிருந்து வடிகிற எண்ணெய் விரலைக் கறுப்பாக்கிவிடும், தோலையும் உரித்துவிடும். சாம்பலோ தேங்காய் எண்ணெயோ எதைப் போட்டாலும் நாலைந்து நாளில் போகிற கறை இல்லை அது. குடும்பத் தொழிலில் பிள்ளைகள் விடுமுறையில் உதவலாம் என்று 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமே இடம் கொடுத்துவிட்டதால் இதைத் தடுக்கவும் ஆளில்லை. ஆபத்தான தொழிலுக்கு அந்தச் சலுகை இல்லைதான். ஆனால் வீட்டுத் திண்ணையில் நடப்பதை யார் வந்து அளக்கப்போகிறார்கள்? ஆறாம் வகுப்புக்கோ ஒன்பதாம் வகுப்புக்கோ புதுப் பள்ளிக்குப் போகிற பிள்ளை, முதல் நாள் நோட்டை நீட்டும்போது அந்த விரல்களும் சேர்ந்து நீளும். பெயர் கேட்பதற்கு முன்பே தெருவைச் சொல்லிவிடும்.

புதிய கல்வி ஆண்டு என்றதும் பத்திரிகைகள் பாடப்புத்தகம் வந்ததா, கட்டடம் வெள்ளையடித்தாயிற்றா என்று எழுதுகின்றன. அதுவும் வேண்டியதுதான். நாம் இந்த வாரம் பேச நினைப்பது பள்ளி மாறுகிற பிள்ளைகளைப் பற்றி. ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறுக்கும், எட்டு முடித்து ஒன்பதுக்கும், பத்து முடித்துப் பதினொன்றுக்கும் போகிறவர்கள். நம் பிள்ளைகள் படிப்பை விடுவது பெரும்பாலும் இந்த மூன்று இடங்களில்தான். வகுப்பின் நடுவில் விடுகிறவர்கள் குறைவு. வாசலில் நின்று திரும்பி வருகிறவர்களே அதிகம்.

தொடக்கப் பள்ளி நம் தெருவிலேயே இருக்கும், அல்லது தெருவை ஒட்டி இருக்கும். ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்றால் படிப்பவர்கள் முக்கால்வாசிப் பேரும் நம் பிள்ளைகளே. அங்கே யார் வீட்டுப் பிள்ளை என்பது எல்லோருக்கும் தெரியும், அது யாருக்கும் பாரமும் இல்லை. அடுத்த பள்ளி அப்படி இல்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்கின்றன. உயர்நிலைப் பள்ளிக்கு 5 கிலோமீட்டர் என்பது கணக்கு. இந்தக் கிலோமீட்டரை வரைபடத்தில் அளக்கிறார்கள். அந்த 5 கிலோமீட்டரில் பாதி யாருடைய தெரு வழியாகப் போகிறது என்று எந்த அலுவலகத்திலும் கேள்வி இல்லை.

விருத்தாசலம் வட்டத்தில் ஒரு கிராமத்துக்குச் சென்ற வாரம் போயிருந்தோம். எட்டாம் வகுப்பை நல்ல மதிப்பெண்ணோடு முடித்த பெண். ஒன்பதாம் வகுப்பில் இன்னும் சேர்க்கவில்லை. அம்மாவிடம் கேட்டோம்.

"எட்டாவது வரிக்கும் பக்கத்துலயே படிச்சிட்டாண்ணா. இப்போ ஊருத்தெரு வழியா போவணும். டீக்கடையில குந்திக்கிட்டு ஆளாளுக்கு ஒண்ணு பேசுறானுவோ. இவங்கப்பா வாணாங்கிறாரு."

"பஸ் வருதேம்மா?"

"வருதுண்ணா. நம்ம ஸ்டாப்பிங்குல நிக்கிறதில்ல."

சீருடை போட்ட பிள்ளைக்கு அரசுப் பேருந்தில் டிக்கெட் வேண்டாம். உண்மை. பேருந்து நிற்க வேண்டுமே! காலை எட்டு மணிக்கு நான்கு மாணவர்கள் கை காட்டினால் நிற்காத வண்டி, இருநூறு அடி தள்ளி ஊர் நிறுத்தத்தில் நிற்கிறது. கூட்டம் அதிகம், நேரமாகிவிட்டது என்று காரணம் சொல்வார்கள். காரணம் எதுவானாலும் அந்தப் பெண் நடந்துதான் போக வேண்டும். நடந்தால் டீக்கடை.

அரசு நம் பிள்ளைகளுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். தமிழ்நாட்டில் பள்ளிக்கு வருகிற பிள்ளைக்குக் கிடைக்கிற அளவு உதவி பல மாநிலங்களில் கிடையாது. ஆனால் இந்த உதவிகள் எந்த வகுப்பில் தொடங்கி எந்த வகுப்பில் முடிகின்றன என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். நாங்கள் எழுதிப் பார்த்தோம், திடுக்கிட்டுப் போனோம்.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. நல்ல திட்டம், நாமும் பாராட்டினோம். அது ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. ஏப்ரல் வரை பள்ளியில் பொங்கலும் உப்புமாவும் சாப்பிட்ட பத்து வயதுப் பிள்ளை, ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போகும்போது முன்பைவிட அதிக தூரம் நடக்கிறது, வெறும் வயிற்றோடு. அம்மா விடியற்காலையே களை எடுக்கப் போயிருப்பார். விலையில்லாச் சீருடை எட்டாம் வகுப்போடு நிற்கிறது. கல்வி உரிமைச் சட்டமும் எட்டாம் வகுப்போடு, 14 வயதோடு நிற்கிறது. அந்தச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடத்தில் 2013-இல் தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்ந்த பிள்ளைகள் 2023-இல் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தார்கள். வந்த அன்றே அவர்களும் முழுக் கட்டணம் கட்ட வேண்டியவர்கள் ஆனார்கள். அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் ஒரு கூட்டம் அப்படி வாசலுக்கு வருகிறது. மதிய உணவு 1984-இல் 15 வயது வரை நீட்டிக்கப்பட்டது, பத்தாம் வகுப்பு வரை உண்டு. பதினொன்றில் கிடையாது. அந்த வயதில்தான் பசி அதிகம்.

சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நம் பெண்பிள்ளைகளுக்கு என்று தொடங்கிப் பிறகு எல்லோருக்குமான திட்டம் அது. பதினொன்றாம் வகுப்பில் கொடுக்கிறார்கள். தூரம் ஆறாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது! ஒன்பதாம் வகுப்பில் 5 கிலோமீட்டர் நடக்க முடியாமல் நின்றுபோன பெண்ணுக்குப் பதினொன்றாம் வகுப்புச் சைக்கிள் எதற்கு? அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் அப்படியே. பள்ளியைத் தாண்டி உயர்கல்விக்குப் போனவர்களுக்கு. தாண்டாதவர்கள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

2025 மே மாதம் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தது. 93.80 விழுக்காடு தேர்ச்சி. ஊரெங்கும் மகிழ்ச்சி, நமக்கும்தான். ஆனால் அது தேர்வெழுதியவர்களில் 93.80. அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் சேராமல் செங்கல் சூளைக்குப் போனவன் இந்தக் கணக்கில் தோற்றவனாகக்கூட இல்லை. தோற்றவர்களுக்காவது ஜூலையில் துணைத்தேர்வு இருக்கிறது.

சூளை என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். பொங்கலுக்குப் பிறகு குடும்பத்தோடு சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறவர்கள் பலர் இன்னும் ஊர் திரும்பவில்லை. மழை பிடித்தால்தான் சூளை நிற்கும், முன்பணம் கழிந்தால்தான் முதலாளி விடுவார். அவர்கள் பிள்ளைகள் ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ வந்து சேர்வார்கள். அதற்குள் பெஞ்சுகள் நிரம்பியிருக்கும், கடைசி வரிசைதான் மிச்சம் இருக்கும். தாமதமாக வருகிற பிள்ளையை "இவ்வளவு நாள் எங்கடா போனே?" என்று நாற்பது பேர் முன்னால் கேட்கிற ஆசிரியர் கோபத்தில் கேட்கவில்லை, பழக்கத்தில் கேட்கிறார் என்று நமக்குத் தெரியும். பிள்ளைக்கு அது தெரியாது.

இனி உதவித்தொகை. ஒன்பது, பத்தாம் வகுப்பு பட்டியல் சாதி மாணவர்களுக்கு மத்திய அரசின் பங்கோடு 2012 முதல் உதவித்தொகை தரப்படுகிறது. இப்போதைய கணக்கில் வீட்டிலிருந்து வருகிற மாணவருக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய், விடுதியில் தங்குகிறவருக்கு 7,000. பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, மாணவர் பெயரிலேயே ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும். இதில் எங்கே அடி விழுகிறது தெரியுமா? தொகையில் இல்லை, கேட்கிற விதத்தில்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் வகுப்புக்குள் ஒருவர் வருவார். கையில் ஒரு தாள் இருக்கும். "எஸ்.சி. எல்லாம் எந்திரிங்க." நம்மில் நாற்பதைத் தாண்டிய எல்லோருக்கும் இந்தக் குரல் காதில் இருக்கிறது. நாமும் எழுந்து நின்றவர்கள்தான். ஒரு காலை மட்டும் ஊன்றி, பாதி எழுந்து பாதி உட்கார்ந்து, யாரும் திரும்பிப் பார்ப்பதற்குள் முடிந்துவிட வேண்டும் என்று நின்றவர்கள். அந்தக் குரல் ஓய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சென்ற ஆண்டு ஒரு மாணவியைச் சந்தித்தோம். நன்றாகப் படிக்கிற பெண். அவர் எழுந்து நிற்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி ஊர்த்தெருப் பெண். இரண்டு மாதமாக இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டிருக்கிறார்கள். "நின்னா அவ நாளைக்கு வேற எடத்துல ஒக்காருவா சார்" என்றார். அந்த ஆண்டு உதவித்தொகை அவருக்கு வரவில்லை. வீட்டில் "லிஸ்டுல பேரு வரல" என்று சொல்லிவிட்டார். பதினான்கு வயதில் ஒரு பெண் தன் நட்புக்கு 3,500 ரூபாய் கொடுத்திருக்கிறார். அவருடைய அப்பா கொத்தனாரிடம் சித்தாள் வேலை பார்க்கிறவர்.

யாரை எழுப்ப வேண்டும்? பள்ளியின் கணினியில் ஒவ்வொரு மாணவர் பற்றிய விவரமும் இருக்கிறது. தலைமையாசிரியர் அறைக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் படிவத்தைக் கொடுத்தால் ஒரு மதியத்தில் முடிகிற வேலை இது. அதைச் செய்கிற தலைமையாசிரியர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள், நமக்குத் தெரியும். அவர்கள் அரசாணைக்குக் காத்திருக்கவில்லை. இதே திட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. தோல் உரிப்பவர், பதனிடுபவர், குப்பை பொறுக்குபவர், கையால் மலம் அள்ளும் வேலையில் இருந்தவர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பிலிருந்தே உதவி கிடைக்கும், வருமான வரம்பு இல்லை. இதை வகுப்பில் எப்படிக் கேட்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நாம் அறிந்த வரையில் பல பள்ளிகளில் கேட்பதே இல்லை. கேட்காமல் விட்டதற்காக வருந்துவதா, கேட்டு அவமானப்படுத்தவில்லையே என்று நிம்மதி கொள்வதா என்று தெரியாத நிலையில் இருக்கிறோம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவரை உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூன் 18-இல் அறிக்கை முதலமைச்சரிடம் கொடுக்கப்பட்டது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, ஆசிரியர் மாணவரைச் சாதி சொல்லியோ சாடையாகவோ அழைக்கக் கூடாது, கையில் வண்ணக் கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளங்கள் நீங்க வேண்டும், அந்தப் பகுதியின் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்தவரையே அங்கே தலைமையாசிரியராக அமர்த்தக் கூடாது என்று பல பரிந்துரைகள். கயிற்றைப் பற்றித்தான் தொலைக்காட்சியில் விவாதம் நடந்தது.  2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில் பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவர் தேர்வெழுதப் பேருந்தில் போனார். வண்டியை மறித்து இறக்கி வெட்டினார்கள். விரல்கள் துண்டாயின. எழுதப் போன கை.

அது தெற்கே நடப்பது, இங்கே அப்படி இல்லை என்று நம் மாவட்டத்தில் சிலர் சொல்வதுண்டு. அரிவாள் இல்லைதான். இங்கே நடப்பது சத்தமில்லாமல் நடக்கிறது. அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவு வந்து பத்து ஆண்டுக்கு மேலாகிறது. 'ஏ' பிரிவு ஆங்கில வழி, 'பி' பிரிவு தமிழ் வழி என்று பிரிக்கிற பள்ளிகளில் 'பி' பிரிவில் யார் அதிகம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு நாள் போய்ப் பாருங்கள். யாரும் திட்டமிட்டு அப்படிச் செய்திருக்க வேண்டியதில்லை. படிவத்தில் டிக் அடிக்கத் தெரிந்த பெற்றோர் அங்கே, கைநாட்டு வைத்த பெற்றோர் இங்கே. தமிழ் படித்து, தமிழால் வாழ்கிற நமக்குத் தமிழ் வழி மீது குறை இல்லை. ஒரே பள்ளிக்குள் தமிழ் வழி என்பது சேரியாகிவிடுகிறதே என்பதுதான் குறை.

பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையில் இது இன்னும் வெளிப்படை. 380 மதிப்பெண் வாங்கிய பையன் உயிரியல் கேட்டால், "உனக்கு மூணாவது குரூப் போதும்பா, அதுதான் ஈசி" என்று அன்பாகவே சொல்லி அனுப்புகிறார்கள். பிளஸ் ஒன் சேர்க்கைக்கு இடஒதுக்கீடு உண்டு என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதில் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. கல்லூரிக்கு மட்டுமான விதி இல்லை இது. ஒவ்வொரு பிரிவுக்கும் உண்டு. ஆகவே சேர்க்கைக்குப் போகும்போது, எந்தப் பிரிவில் எத்தனை இடம், இனவாரியாக எப்படி நிரப்பியிருக்கிறீர்கள் என்று பட்டியலைக் கேளுங்கள். சண்டை போட வேண்டாம். பட்டியலைக் காட்டுங்கள் ஐயா என்று கேட்டாலே பல இடங்களில் உயிரியல் பிரிவில் ஓர் இடம் காலியாக இருப்பது தெரியவரும். நாங்கள் இரண்டு முறை பார்த்திருக்கிறோம்.

தனியார் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாறுகிறவர்களுக்கு ஒன்று. கட்டண பாக்கி என்று மாற்றுச் சான்றிதழைப் பிடித்துவைத்திருந்தால் பயப்பட வேண்டாம். கட்டணம் வசூலிக்கும் கருவியாக அந்தச் சான்றைப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பிள்ளையை முதலில் வகுப்பில் உட்கார வையுங்கள். காகிதம் பின்னால் வரும்.

ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்போம் என்று 2023-24 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். சந்துரு குழுவும் அதையே பரிந்துரைத்தது. நம் இயக்கங்களுக்குள் இதில் இரண்டு கருத்து உண்டு. தனிப் பள்ளி என்பதே தீண்டாமையின் நிழல், பெயர்ப் பலகையைப் பார்த்தே மற்றவர்கள் பிள்ளையைச் சேர்ப்பதில்லை, இணைத்துவிடுங்கள் என்பது ஒன்று. இவை இரந்து பெற்ற பள்ளிகள் இல்லை, பொதுப் பள்ளியின் கதவு மூடியிருந்த காலத்தில் நம் முன்னோர் போராடி வாங்கியவை, இணைத்தால் நிலமும் நிதியும் போய்விடும் என்பது இன்னொன்று.

இரண்டாவது பேச்சை வெறும் பழம்பெருமை என்று தள்ளிவிட முடியாது. நம் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. 1916-இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். கோயிலுக்குள் நுழைய முடியாத ஒரு சாதியின் பிள்ளைகளுக்கு அந்தக் கோயில் இருக்கிற ஊரிலேயே பள்ளிக்கூடம் கட்டினார். இந்த மாவட்டத்தில் நம் குடும்பங்களில் முதன்முதலாக அரசு வேலைக்குப் போன தாத்தாவைக் கேட்டால், பத்தில் சிலராவது நந்தனார் பள்ளி என்பார்கள். அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. ஆகவே நம் கருத்து இது: இணைப்பதானால் இணையுங்கள், ஆனால் நிலம், கட்டடம், விடுதி, பணியிடம் எல்லாம் யார் பெயரில் இருக்கும் என்பதை முதலில் எழுத்தில் கொடுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கு 2024-இல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறீர்கள், அந்த நிதி இந்தப் பள்ளிகளுக்கு எப்படி வரும் என்று சொல்லுங்கள். இணைக்கவில்லை என்றால் ஆசிரியர் இடங்களையாவது நிரப்புங்கள். இரண்டும் செய்யாமல் அறிவிப்பை மட்டும் தொங்கவிட்டிருப்பதால் எந்தத் துறையும் அந்தப் பள்ளிகளைத் தன்னுடையதாக நினைப்பதில்லை.

விடுதி பற்றி ஒரே ஒரு கணக்கு. பள்ளி விடுதி மாணவருக்கு உணவுக்கு மாதம் 1,400 ரூபாய். முன்பு 1,000 ஆக இருந்தது, உயர்த்தினார்கள். ஒரு நாளைக்கு வகுத்தால் 47 ரூபாய்கூட வராது. மூன்று வேளைக்கு. சிதம்பரம் பேருந்து நிலையத்தில் ஒரு வேளைச் சாப்பாடு என்ன விலை என்று இதைப் படிக்கிற அதிகாரிகளுக்குத் தெரியாமல் இருக்காது.

2025 ஏப்ரல் 29-ஆம் தேதி சட்டமன்றத்தில் அன்றைய முதலமைச்சர், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். நல்ல செய்தி. திங்கட்கிழமை முதல் பள்ளிப் பதிவேட்டில் முகவரி எழுதும் இடத்தில் அது தொடங்கட்டும். இவ்வளவு நாள் அந்தக் கட்டத்தில் 'காலனி' என்று எழுதிய கைகள் நம்முடையவையும்தான். வேறு என்ன எழுதுவது என்று நமக்கே தெரியாமல் இருந்தது. அம்பேத்கர் நகர், நந்தனார் தெரு என்று ஒரு பெயர் உங்கள் தெருவுக்கு இருந்தால் அதை எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

இந்த வாரம் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு உரிய பங்கு வேண்டும் என்பது சட்டம். 2024 ஆகஸ்டில் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. உங்கள் பள்ளிக் குழுவில் நம் தெருவிலிருந்து இருக்கிற பெண் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். பெயர் மட்டும் இருந்து கூட்டத்துக்குக் கூப்பிடாமல் இருக்கலாம். ஜூன் மாதக் கூட்டத்துக்கு அவர் போகட்டும். பேருந்து நிற்காத விஷயத்தை அங்கே தீர்மானமாக எழுதினால் பணிமனை மேலாளர் பதில் சொல்லியாக வேண்டும். கழிப்பறையைப் பிள்ளைகளை வைத்துக் கழுவச் செய்தால், அதுவும் நம் பிள்ளைகளை மட்டும் தேர்ந்தெடுத்துச் செய்தால், 14417 என்ற கல்வித் துறை எண்ணுக்கு அழையுங்கள். வன்கொடுமைக்கு 14566. 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், கல்வி நிறுவனத்துக்குள் நுழைவதைத் தடுப்பதைக் குற்றம் என்கிறது. பொது இடத்தில் சைக்கிள் ஓட்டுவதையும் செருப்புப் போட்டு நடப்பதையும் தடுப்பதும் அதே பிரிவில் குற்றம்தான். சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது, பள்ளிக்கூடம் வாசலில் தொடங்குவதில்லை, வழியிலேயே தொடங்குகிறது என்று.

அந்த விருத்தாசலம் வட்டத்துப் பெண்ணின் வீட்டுக்கு நேற்று மறுபடி போனோம். தெருவில் ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் போக வேண்டிய பெண்கள் மொத்தம் ஐந்து பேர் என்று கணக்கெடுத்திருந்தார் அவருடைய அம்மா. ஐந்து பேரும் சேர்ந்து போனால் பேச்சு குறையும் என்பது அவருடைய கணக்கு. முதல் வாரம் முறை வைத்து இரண்டிரண்டு தாய்மார் கூடப் போவது என்று பேசிவைத்திருக்கிறார்கள். அந்த நாட்களில் கூலி போகும். அதற்கு என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நாங்களும் இரண்டு பேர் தெருமுனைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறோம். அப்பா திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். புறப்படும்போது, "நீங்களும் வாங்கண்ணே" என்றோம். பீடியை அணைத்துவிட்டு, "பாக்கலாம்" என்றார்.